தம்பிக்குத் தண்ணீர் பட்ட பாடு, நான் பட்ட பாடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மனசளவில் நீ எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு வேறு ஆசைகள் உண்டு, அவை கீழே வரும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதை நீ பேசிவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படி.

எங்கள் பட்டறைக்கு வந்த புது மேனேஜர் நான் போட்ட ஷெட் வரைபடத்தைப் பார்த்து, "பிரமாதமா இருக்கு, ஆனா கையெழுத்துப் போட ஒரு இன்ஜினியர் வேணுமே" என்று சொன்ன வருத்தத்தை உன்னிடம் கொட்டினேன் பார், அதுதான் என் முதல் தப்பு. இருபத்தாறு வருஷமாக வெல்டிங் பிடிக்கிறவன் நான். நான் ஒட்டிய கூரைகளுக்குக் கீழே ஊரில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்குகிறார்கள். கையெழுத்துக்கு மட்டும் நேற்று மீசை முளைத்தவனிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். இதை நான் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் நீ, "அண்ணே, நீங்களே படிச்சிடுங்க. காலையில கிளாஸ், மத்தியானம் வேலை. முதல் பருவத்துல ஸ்டாடிக்ஸ்னு ஒண்ணு வரும், அசையாத பொருள் ஏன் அசையாம நிக்குதுன்னு படிக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? எனக்கே அது தண்ணி பட்ட பாடு. கண்ணை மூடிட்டு எழுதினேன்" என்றாய். விண்ணப்பத்தையும் நீயே நிரப்பினாய். நீ படித்த அதே பல்கலைக்கழகம், அதே கட்டடம் என்று பெருமை வேறு. நான் பள்ளிக்கூடத்தோடு நின்று வேலைக்குப் போனது ஏன், நீ மேலே படித்தது எப்படி என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். இதுவரை நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இந்தக் கடிதத்தில் சொல்லிக்காட்டப் போகிறேன்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அண்ணா, அந்தக் கடைசி ஃபேன்தான் சத்தம் போடுது" என்றாள். ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்தவன் என்று நினைத்துவிட்டாள். பெஞ்சின்மேல் ஏறி ஃபேனின் திருகுகளை முடுக்கினேன். சத்தம் நின்றது, அறுபது பிள்ளைகள் கைதட்டினார்கள். கீழே இறங்கி அதே பெஞ்சில் நான் உட்கார்ந்ததும் கைதட்டலும் நின்றது. அன்றிலிருந்து அங்கிள் ஆனேன். ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கும் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் உறவுமுறை கிடைத்தது.

பாடம் எடுக்கிற அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. பிள்ளைகள் வைத்த பெயர் அம்புக்குறி மேடம். எந்தப் படத்தைக் காட்டினாலும், "அம்புக்குறி எங்கே? எந்தப் பக்கம் தள்ளுது, எந்தப் பக்கம் இழுக்குது?" என்றுதான் கேட்பார். ஒரு பொருளைச் சுற்றியிருக்கிற சுவர், தரை, கயிறு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதைத் தன்னந்தனியாக அந்தரத்தில் வரைந்து, யார் யார் அதைத் தள்ளினார்கள், இழுத்தார்கள் என்று அம்புபோட வேண்டுமாம். அதற்கு ஃப்ரீ பாடி என்று பெயர். இதில் ஃப்ரீயாக இருப்பது என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதல் கணக்கே, 'எடையில்லாத உத்திரம் ஒன்று இரண்டு தாங்கிகளின்மேல் இருக்கிறது' என்று ஆரம்பித்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க மேடம். எடையில்லாத உத்திரம் எந்தக் கடையில கிடைக்கும்னு கேட்டு வைச்சுக்கலாம்னுதான். இத்தனை வருஷம் தூக்கினதெல்லாம் எடை உள்ளதா போச்சு."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் வலது தோள் இடதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கிறது, சட்டை தைக்கும்போதெல்லாம் உன் அண்ணி சொல்வாள். அந்தத் தோளின்மேல் ஏறி உட்கார்ந்த எந்த உத்திரமும் தனக்கு எடையில்லை என்று சொன்னதில்லை. அடுத்த வாரம் உராய்வில்லாத சுவர் வந்தது. அந்தச் சுவரில் சாத்திய ஏணியில் ஒருவன் ஏறிக்கொண்டே இருக்கிறான், எத்தனையாவது படியில் ஏணி வழுக்கும் என்று கேட்கிறார்கள். அவனை இறங்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் தேர்வில் சுவரிலிருந்து நீட்டிய ஒரு விளம்பரப் பலகை, அதை மேலிருந்து சாய்வாகப் பிடிக்கிற ஒரு கம்பி. கம்பியில் எவ்வளவு இழுப்பு என்று கேள்வி. பார்த்த மாத்திரத்தில், 'பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி போதும், சுவரில் நான்கு போல்ட்டு போடவும்' என்று எழுதிவிட்டு எல்லாருக்கும் முன்னால் எழுந்து வந்தேன். அதைப் போல முப்பது பலகை மாட்டியிருக்கிறேன், ஒன்றுகூட விழவில்லை. இருபதுக்கு இரண்டு மதிப்பெண். அந்த இரண்டும் படம் அழகாக இருந்ததற்காம். தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"நீங்க எழுதின கம்பி தாங்கும்" என்றார்.

"தாங்கும்னா போதாதாங்க?"

"எவ்வளவு இழுக்குதுன்னுதானே கேட்டேன்? தாங்குறவரைக்கும் உங்க அனுபவம் பேசும். ஒருநாள் தாங்காம போச்சுன்னா, ஏன் தாங்கலைன்னு எதை வைச்சுச் சொல்வீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் செஞ்சது இதுவரைக்கும் விழுந்ததில்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தம்பி, அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ட்ரஸ் நடத்தினார். கூரையைத் தாங்கும் முக்கோண முக்கோணமான இரும்புச் சட்டம், நம் சோறே அதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பலகையில் ஒரு ட்ரஸ் வரைந்து, நடுவில் இரண்டு கம்பிகளைச் சுட்டிக்காட்டி, "இந்த லோடுக்கு இது ரெண்டுலயும் விசை பூஜ்யம்" என்றார். எழுந்து, "அப்போ அது அங்கே எதுக்குங்க இருக்கு?" என்றேன். மணி அடித்துவிட்டது. "நல்ல கேள்வி, அடுத்த வகுப்புல பார்க்கலாம்" என்றார். அடுத்த வகுப்பன்று பட்டறையில் அவசர வேலை, நான் போகவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே நினைப்புதான். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை கூரை, கூரைக்கு எத்தனை சும்மாக் கம்பி, அதில் எத்தனை என் கண்ணைக் கலங்கடித்து ஒட்டியவை! சும்மா நிற்கிறவனுக்காகவா இவ்வளவு வெந்தேன்?

வீட்டுப் பின்பக்கம் உன் அண்ணி தையல் மெஷின் போட்டிருக்கிற சாய்ப்பு உனக்குத் தெரியும். அதன் ட்ரஸ் நான் கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, பூஜ்யக் கம்பிகள் இரண்டையும் அறுத்து எடுத்துவிட்டேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் கீழேயிருந்து.

"இதுல விசையே இல்லை. சும்மா நிக்குது."

"நின்னா நின்னுட்டுப் போகட்டுமே. உங்களை என்ன கேட்டுச்சு?"

கூரை அசையவில்லை. மூன்று வாரம் அசையவில்லை. பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மார்தட்டினேன். நாலாவது வாரம் ஒரு பிற்பகல் காற்று அடித்தது. நான் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். காற்று சாய்ப்புக்குள் புகுந்து தகரத்தைக் கீழேயிருந்து மேலே தூக்கியது. எப்போதும் இழுபட்டே பழகிய அடிக் கம்பி அன்றைக்கு நெரிபட்டது. நடுவில் பிடித்துக்கொள்ள ஆளில்லை, அந்த ஆளைத்தான் நான் அறுத்துவிட்டேனே. கம்பி வில்லாக வளைய, தகரமும் சட்டமும் ஒன்றாய் மடிந்து மெஷின்மேல் உட்கார்ந்தன. நான் ஓடினேன். "ஏய்! ஏய்!" என்று கத்தினேன். தகரத்தைக் கையால் பிடித்து இழுத்தேன், உள்ளங்கை கிழிந்தது தெரியவில்லை. அவள் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தாள், கை நிறையக் காய்ந்த துணி. காற்று கிளம்பியதும் துணி பறந்துவிடுமே என்று மெஷினிலிருந்து எழுந்து போயிருக்கிறாள். இரண்டு நிமிஷம், தம்பி. இரண்டே நிமிஷம்.

நசுங்கிய மெஷினையும், ஊசிக்கு அடியில் பாதியில் நின்ற ஒரு குழந்தைச் சட்டையையும் பார்த்தாள். என் கையைத் துணியால் சுற்றிக்கொண்டே, "படிக்காதப்போ நின்ன கூரை, படிச்சப்புறம் விழுந்துடுச்சு" என்றாள். அப்புறம் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள், படிப்பை விட்டு விலகப் படிவம் வாங்கப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற ஆபீஸ் அம்மா இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறவர். என் விலாசத்தைப் படித்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இந்த வீட்டிலிருந்து முன்னாடி ஒருத்தர் இங்கே படிச்சாரே?" என்றார்.

"என் தம்பிதாங்க" என்றேன். எனக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை.

"அட, ஸ்டாடிக்ஸை மூணு தடவை எழுதினாரே, அந்தத் தம்பியா! பாவம், ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் பார்க்க வர்றப்போ முகமே பேயறைஞ்ச மாதிரி இருக்கும். அதனாலயே ஒரு வருஷம் கூட ஆச்சு அவருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் மூன்று தடவை ஆகாமல் என்ன செய்யும்? அந்த ஒரு வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'ப்ராஜெக்ட் நீண்டுவிட்டது, பெரிய ப்ராஜெக்ட், புரொபசர் விடமாட்டேன் என்கிறார்' என்று வீட்டில் சொன்னாய். அம்மா அதை அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். உன் படிப்பு முடியட்டும் என்று என் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டோம். 'மாப்பிள்ளை வீட்டாருக்கு இஷ்டமில்லையோ' என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் அண்ணி ஒரு வருஷம் பதில் சொன்னாள். நான் அந்த வருஷம் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்தேன். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, தோற்பது யாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் விண்ணப்பம் போடும்போது நான் பயந்து பயந்து, "முடியுமாடா எனக்கு?" என்று கேட்டபோதாவது, "எனக்கும் வரலைண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இத்தனை மாதம், தம்பிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வந்தது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை, என் மண்டையில் ஒன்றுமே இல்லையா என்று பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனேனே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?

அதனால் நான் படிப்பை விடுகிறேன். படிவம் நிரப்பியாயிற்று, மேடத்தின் கையெழுத்து மட்டும் பாக்கி. நாளைக்கு வாங்கிக் கொடுத்துவிடுவேன். நீ போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். சமாதானம் பேச நேரிலும் வராதே. உன் அண்ணி வேண்டுமானால் உனக்குக் காப்பி கொடுப்பாள், நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். வாழ்த்துவதற்குப் பட்டம் கேட்கமாட்டார்கள் என்பதால் மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை படிவத்தோடு மேடத்திடம் போனேன். விலகக் காரணம் என்ற இடத்தில், 'நான் கட்டிய கூரை விழுந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தவர் கையெழுத்துப் போடாமல், "கூரை எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டார். கையில் இருந்த காகிதத்தைத் திருப்பி வரைந்து காட்டினேன். "காத்து எந்தப் பக்கம்?" என்றார். அம்பு போட்டேன். ஒவ்வொரு முனையாகப் பிரித்து எழுதிக்கொண்டே போனதில், அடிக் கம்பிக்குக் கழித்தல் குறியோடு ஒரு எண் வந்தது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லித்தரவில்லை, நானே போட்டேன். கழித்தல் என்றால் இழுப்பு இல்லை, நெரிப்பு; அன்றைக்கு நடந்தது அதேதான். படிவம் முழுக்க இரண்டு பக்கமும் அம்பு, இனி அதை அலுவலகத்தில் வாங்கமாட்டார்கள். அந்த இரண்டு மதிப்பெண் தேர்வின் மறுதேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். வருகிற சனிக்கிழமை நீ வா, மூன்றாவது தடவை எப்படிப் பாஸானாய் என்பதை மட்டும் சொல்லு. அடுத்த பருவம் டைனமிக்ஸாம், அதில் பொருளெல்லாம் நகருமாம். அதை நீ எத்தனை தடவை எழுதினாய் என்பதையும் இப்போதே உன் வாயால் சொல்லிவிடு.