பி.எச்.ஐ. காய்ச்சிய கூழ்

குடாநாட்டில் இருக்கிற கிருமிகள் அத்தனையையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் தபால்காரர் முதல் கோயில் ஐயர் வரை எல்லாருக்கும் அவர் பி.எச்.ஐ.தான். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பி.எச்.ஐ., உங்கடை நட்சத்திரம் என்ன?" என்றுதான் கேட்பார்.

உத்தியோகம் முடிந்தாலும் பரிசோதனை முடியவில்லை. கலியாண வீட்டுக்கு வந்தால் மணவறைப் பக்கம் போகமாட்டார். நேரே பின்வளவுச் சமையல் கொட்டிலுக்குப் போய், சமையல்காரரைக் கை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார். பண்டத்தரிப்பில் ஒரு கலியாணத்தில் பெரிய சமையல்காரர் சாம்பார்க் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று தும்மிவிட்டார். தாலி நல்ல நேரத்துக்கு ஏறியது, சாம்பார் பந்திக்கு ஏறவில்லை. புதிதாகக் காய்ச்சி இறக்கும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் பசியோடு படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சமையல்காரர்கள் ஓடர் எடுக்க முதல் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பி.எச்.ஐ.க்கு கார்ட் குடுத்திட்டியளோ?"

சட்டைப் பையில் பேனை இருக்கவேண்டிய இடத்தில் வெப்பமானி இருக்கும். மானிப்பாய்ச் சந்தித் தேநீர்க் கடையில் ஒருநாள் அதை எடுத்துத் தேத்தண்ணிக்குள் விட்டார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, அதுக்குக் காய்ச்சலோ?"

"காய்ச்சல் காணாது. இன்னும் கொதிக்கோணும்," என்றார் இவர். சிரிக்கவில்லை. இவர் பகிடி விடுகிறாரா உண்மையாகச் சொல்கிறாரா என்று இருபது வருசமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரால் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பரிசோதிக்க முடியாத குசினி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய அம்மாவின் குசினி. இவர் கலியாணம் செய்யவில்லை. நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுகிற தாயும் மகனும்தான் வீட்டில். ஒருநாள் அடுப்படியில் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தவரை ஆச்சி அகப்பையோடு வாசல் வரை துரத்திக்கொண்டு வந்ததை நான் மதிலுக்கு மேலால் பார்த்தேன். "உன்ரை உத்தியோகத்தை ஊரிலை பார். இஞ்சை நான்தான் பெரியவள்!"

போன வருசம் தை மாதம் ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் அகப்பை பிடிக்கப் பலம் வரவில்லை. குசினி மகன் கைக்கு வந்தது. அதோடு ஆச்சியின் சாப்பாடும் நின்றுபோனது.

மகன் சமைக்காமல் இல்லை. கிருமி சாகும்வரை அவித்தார், பிறகு சந்தேகத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம் அவித்தார். மீன் எது, கத்தரிக்காய் எது என்று சட்டிக்கே தெரியாது. உப்பு இரத்த அழுத்தத்துக்குக் கூடாது, உறைப்பு வயிற்றுக்குக் கூடாது. ஆச்சி இரண்டு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். பக்கத்து வீடுகளிலிருந்து நாங்கள் கொடுத்துவிட்ட சாப்பாடும் அப்படியே திரும்பி வந்தது.

ஒருநாள் பின்னேரம் பி.எச்.ஐ. எங்கள் படலையில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"தம்பி, அம்மான்ரை காப்பு முழங்கை மட்டும் ஏறுது," என்றார். "முந்தி மணிக்கட்டை விட்டு அசையாது. ஊரெல்லாம் சாப்பாடு சரியோ பிழையோ எண்டு சொல்லித் திரிஞ்சனான். என்ரை அம்மாவுக்கு ஒரு கோப்பை சோறு தின்னக் குடுக்கத் தெரியேல்லை."

அவரைப் பகிடி பண்ணியே பழகிய நான் அன்றைக்குப் படலையைத் திறந்துகொண்டு அவர் வீட்டு வாசல் வரை கூட நடந்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் சனசமூக நிலையத்தில் அன்னையர் தினத்துக்கு ஒரு நிகழ்ச்சி ஒழுங்குசெய்தோம். முன்பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தாய்மாருக்குத் தாங்களே ஏதாவது செய்து கொடுப்பது, தாய்மார் பத்துக்குப் புள்ளி போடுவது. செயலாளர் என்ற முறையில் அறிவித்தலை எழுதியவன் நான். "தாய்மாருக்கு உணவு தயாரிக்க விரும்பும் பிள்ளைகள் பெயரைப் பதியவும்" என்று எழுதி ஒட்டினேன். அன்று பின்னேரமே சில பிள்ளைகளின் பெயர் பதிந்தாயிற்று. அடுத்த நாள் காலையில் கதவு திறக்க முதலே பி.எச்.ஐ. வந்து நின்றார்.

"பெயரைப் பதியும்."

"அண்ணை, உது நாலு வயசு, அஞ்சு வயசுச் சின்னனுகளுக்கு. பாணுக்கு ஜாம் பூசுறது, பழம் வெட்டுறது..."

"அறிவித்தலிலை வயசு எல்லை போட்டனீரோ?"

"இல்லை."

"போடாததை இப்ப கதைக்கக் கூடாது. எனக்கு அம்மா உயிரோடை இருக்கிறா. நான் கூழ் காய்ச்சப் போறன்."

பக்கத்தில் நின்ற முன்பள்ளி ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பதிவுக் கொப்பியில் நாலு, அஞ்சு, அஞ்சு, நாலு என்று போன வயது வரிசையின் கீழே அறுபத்துமூன்று என்று எழுதினேன்.

கூழுக்குக் காரணம் இருந்தது. ஆச்சி விழுந்த நாள் முதல் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான். கூழ் என்றால் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில், நண்டும் இறாலும் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சுவது. பி.எச்.ஐ. அதற்காக குருநகர் மீன் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கி, கண்ணை உற்றுப் பார்த்து, மோந்து, மறுபடியும் கண்ணைப் பார்த்தார். மீன் விற்ற அம்மா பொறுமை இழந்துவிட்டார்.

"ஐயா, மீன் வாங்க வந்தனீங்களோ, பொம்பிளை பாக்க வந்தனீங்களோ?"

மீன் நல்ல மீன்தான். நண்டும் உயிர் நண்டு. பிழை நடந்தது வீட்டில். ஒடியல் மாவின் கைப்புப் போக, தண்ணீரில் ஊறவிட்டு ஒருமுறை வடித்தால் போதும். பி.எச்.ஐ. மாவைக் கலக்கிக் கலக்கி ஒன்பது முறை கழுவினார். ஒவ்வொரு முறையும் வடித்த தண்ணீரை முருங்கையடியில் ஊற்றினார். எங்கள் ஒழுங்கையில் அன்றைக்கு வயிறு நிறையக் கூழ் குடித்தது அந்த முருங்கைதான். சட்டியில் மிஞ்சியது வெறும் தும்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை நிலையத்து முற்றத்தில் வரிசையாகச் சின்ன மேசைகள். கடைசியில் மூன்று கல் வைத்து அடுப்பு, அதற்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக பி.எச்.ஐ. பக்கத்து மேசையில் வாழைப்பழம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்கடை கூழ் ஏன் தண்ணியாக் கிடக்கு?" என்று கேட்டது. இவர் அடுப்புக்குள் இன்னும் ஒரு விறகைத் தள்ளினார். முகம் வேர்த்திருந்தது.

தாய்மார் வந்தார்கள். ஜாம் பாண் மண்ணில் விழுந்த பிள்ளைக்கும் பத்து. தோலோடு பழம் வெட்டிய பிள்ளைக்கும் பத்து. ஆச்சி ஓட்டோவில் வந்து இறங்கினார். பிளாஸ்ரிக் கதிரையை அடுப்படியில் போட்டு இருத்தினோம். பானைக்குள் பார்த்தார்.

"இதென்னடா, நண்டு குளிக்கிற கிணறோ?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பி.எச்.ஐ.யின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் பனையோலைப் பிளாவில் கொஞ்சம் வார்த்துத் தாயிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ சமையல்காரர்கள் அவருக்கு முன்னால் நின்றது போலத்தான் அந்த நிலை.

ஆச்சி ஒரு வாய் குடித்தார். மற்றவேளையாக இருந்தால் தள்ளிவைத்திருப்பார். அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உப்பில்லை, உறைப்பில்லை. புளியை ஆருக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறாய்? ரீச்சர், வீட்டை ஒடியல் மாக் கிடக்கோ? ஓடிப்போய் எடுத்து வா, பிள்ளை. டேய், செத்தல் மிளகாயை இடி. கையிலை போட்டிருக்கிற உறையைக் கழட்டு, இதென்ன ஒப்பரேசனோ?"

ரீச்சர் மாவோடு வந்தார். ஊறவைத்து ஒரே ஒருமுறை வடித்தார்கள். இருந்த இடத்திலிருந்தே ஆச்சி இடது கையால் வழி காட்டினார். "விடு. இன்னும் விடு. அடிப்பிடிக்கப் போகுது, துளாவு!" அறுபத்துமூன்று வயது மகன் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று துளாவினார். கூழ் தடித்தது. வாசம் ஒழுங்கை முழுக்கப் போனது. புள்ளி வாங்கி முடித்த தாய்மாரும் பிள்ளைகளும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

முதல் பிளாவை ஆச்சி ஊதி ஊதிக் குடித்தார். இரண்டாவதில் நண்டுக் காலை உடைத்து உறிஞ்சினார். நான் புள்ளித் தாளை நீட்டினேன்.

"நாலு," என்றார்.

"ஆச்சி, எல்லாரும் பத்துப் போட்டிருக்கினம். ஒரு அஞ்சாவது..."

"நாலெண்டா நாலு. எழுது."

போட்டியில் பி.எச்.ஐ. கடைசி. நாலு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அவரை வென்றுவிட்டார்கள். அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஆச்சி வெறும் பிளாவை மூன்றாவது தரமும் நீட்டியிருந்தார். மகன் பிளாவைப் பார்க்காமல் தாயின் முகத்தையே பார்த்தபடி வார்க்க, கூழ் ஆச்சியின் சேலையில் ஊற்றுப்பட்டது.

"கண் தெரியேல்லையோ உனக்கு?" என்று பேசிவிட்டு, ஆச்சி சேலையைத் துடைத்தபடியே சொன்னார்: "வாற ஞாயிறும் காய்ச்சு. ஆறாவது எடுக்கிறியோ பாப்பம்."

மனிதர் பத்துக்குப் பத்து வாங்கினவர் போலத் தலையாட்டினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கடவுளே, அந்த ஆறு புள்ளியை எடுக்க இந்த மனிதருக்கு இன்னும் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் செல்லட்டும்.