ஒரே உயரத் தோட்டம்

மாணவர்கள் மண்ணைத் தொட்டுப் பாடம் கற்க வேண்டும் என்று மேலிடம் திருவுளம் கொண்டதால், எங்கள் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியிலும் ஒரு தோட்டம் தோன்றியது. மூன்றாம் வகுப்பு டீச்சர் ஆளுக்கொரு அவரை விதை கொடுத்தார். என் மகளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அவள் தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, "வந்துட்டியா?" என்று மண்ணிடமே விசாரிப்பாள். செடி வந்தது. ஒரு பூவும் விட்டது. அதன் பிறகு அந்தப் பூவின் நலம் விசாரிக்காமல் வீட்டில் யாரும் சோற்றில் கைவைக்க முடியாது.

அப்போதுதான் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியர் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் சுருங்கியது.

"என்ன டீச்சர் இது? ஒண்ணு கொம்புல ஏறிடுச்சு, ஒண்ணு இன்னும் தவழுது!"

"ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு ஆழத்துல விதை போட்டுச்சு சார். ஏன் இப்படி ஆச்சுன்னு அதுங்களே கண்டுபிடிச்சுதுங்க. அதான் பாடம்."

"அதிகாரி கண்ணுக்கு அது அலட்சியமால்ல தெரியும்! வரிசையில நிக்கத் தெரியாத செடி, பிள்ளைங்களுக்கு என்ன ஒழுக்கத்தைக் கத்துக்கொடுக்கும்?"

செடிகள் பிடுங்கப்பட்டன, வாயாடியின் பூ விட்ட செடியும் சேர்த்துத்தான். மறுநாள் லாரியில் ஒரே உயரமுள்ள தொட்டிச் செடிகள் வாடகைக்கு வந்து இறங்கின. பிள்ளைகள் கை பட்டால் இலை கசங்கும் என்று சுற்றிலும் கயிறு கட்டினார்கள்.

வாயாடி அன்று வீட்டில் வாயே திறக்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று, அதிகாரி வரும் நாளில் பள்ளிக்குப் போனேன். அங்கே மற்ற பெற்றோர் கயிற்றின் முன் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஓரமாக நின்று சிரித்துவைத்தேன்.

அதிகாரி வந்தார். அகமகிழ்ந்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற வாயாடியைப் பார்த்து, "செடி எப்படிம்மா வருது? சொல்லு பாப்போம்" என்றார்.

"லாரியில வருது சார்."

தலைமையாசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. அதிகாரியோ அவள் தோளைத் தட்டினார்.

"இது நேர்ல பாத்துப் படிச்ச பிள்ளை! போன பள்ளிக்கூடத்துல கேட்டா, விதையிலேர்ந்து வருதுன்னு புத்தகத்துல இருக்கறதையே ஒப்பிக்குதுங்க."

தோட்டத்துக்கு முதல் பரிசு அங்கேயே அறிவிக்கப்பட்டது. பெற்றோர் எல்லோரும் கைதட்டினோம். வாயாடி வந்து என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, என் செடியும் லாரியில திரும்பி வருமா?"

நான் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.