பனித் திருவிழாவும் பட்டன் மாஸ்டரும்

துணி தைப்பதில் பட்டன் மாஸ்டரை மிஞ்சிய தையல்காரர்கள் அந்தக் கடைவீதியிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் துணி தைக்காமல் இருப்பதில் அவரை மிஞ்ச இன்னும் ஒருவன் பிறக்கவில்லை.

"மாஸ்டர், என் பேண்ட்டு?"

"ரெடி சார்! பட்டன் மட்டும்தான் பாக்கி."

அந்தப் பேண்ட் அப்போது எங்கே இருக்கும் தெரியுமா? அலமாரியின் மேல்தட்டில், கொண்டுவந்து கொடுத்த பொட்டலத்துக்குள்ளேயே, கத்தரிக்கோலின் முகத்தைக்கூடப் பார்க்காமல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஆனாலும் மாஸ்டர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வரவே வராது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வந்தவரை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பார்.

"இப்பவே வேணும்னா இப்பவே தரேன் சார். ஆனா உங்க இடுப்புக்கு அவசரமா தச்சா நல்லா இருக்காது. நாலு பேர் பாக்குற ஆளு நீங்க. அடுத்த வாரம் வாங்க, அசந்துருவீங்க."

வந்தவர் தன் இடுப்பைத் தானே ஒருமுறை பெருமையாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த கோட்டை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று போட்டுக்கொண்டு போன மாப்பிள்ளைகள் உண்டு. அவர்களும் சிரித்துக்கொண்டேதான் வாங்கிப் போனார்கள். அதுதான் மாஸ்டர்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாஸ்டரம்மா, பல் டாக்டர் கிளினிக்கில் முன் மேஜையில் வேலை பார்ப்பவர். வாசலைப் பார்த்து ஓடத் துடிக்கிறவர்களைப் பிடித்து உட்கார வைப்பதுதான் அவர் உத்தியோகம். "ஊசியா? யார் சொன்னா? சும்மா வாயைத் திறந்து காட்டப் போறீங்க சார், அவ்ளோதான். பல்லு எவ்ளோ அழகா இருக்கு உங்களுக்கு!" என்று தேன் சொட்டச் சொல்வார். அந்த ஆசாமி புன்னகையோடு போய் நாற்காலியில் சாய்வார். அப்புறம்தான் உள்ளே 'ட்ர்ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தமும் 'ஆஆஆ' என்று ஒரு சத்தமும் கேட்கும்.

மனைவியின் இந்தத் திறமையை மாஸ்டர் கண்டுகொண்டதே இல்லை. கண்டுகொண்டிருந்தால் நமக்குக் கதை கிடைத்திருக்காது.

ஒருநாள் சாப்பாட்டு நேரம். மாஸ்டரின் தட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று ஒரு பத்திரிகை வந்து விழுந்தது. கிளினிக்கில் காத்திருப்பவர்கள் நடுங்கும் கையால் புரட்டிப் புரட்டிக் கசங்கிப்போன பத்திரிகை.

"என்னங்க, இதைப் பாருங்களேன். ஏதோ ஒரு தேசத்துல வசந்த காலப் பூத் திருவிழாவாம். மாடியில நின்னு கூடை கூடையா பூவைக் கொட்டுறாங்க. கீழ முழங்கால் வரைக்கும் பூவுல நடக்குறாங்க!"

"நல்லா இருக்கே" என்றார் மாஸ்டர், பத்திரிகையைப் பார்க்காமலே.

"கல்யாணமான புதுசுல எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னேன். 'மழை விடட்டும்'னீங்க. மழை விட்டு, நம்ம பொண்ணுக்கே கல்யாணம் ஆயிருச்சு. இந்த வருஷம் அந்தத் தேசத்துக்குப் போறோம். ஏதாவது ஒரு திருவிழாவையாவது கண்ணால பாக்குறோம்."

மாஸ்டர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். பயணம் என்றாலே அவருக்கு ஆகாது. சொந்தத் தலையணை இல்லாத இடத்தில் அவருக்குத் தூக்கம் வராது. அதோடு, கடையில் வெட்டு மேஜைக்கு அடியில் துணி மூட்டைகளின் நடுவே போடும் மதியத் தூக்கம் இருக்கிறதே, அதை எந்தத் தேசத்து ராஜா கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதற்காக முடியாது என்று சொல்லிவிட முடியுமா? சொன்னால் அன்றைக்கே வீட்டில் யுத்தம்.

மாஸ்டர் கையைக் கழுவினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். தொழிலைக் கையில் எடுத்தார்.

"போவோம்! தாராளமா போவோம்! ஆனா பூவுக்கா? உன் ரசனைக்கு வெறும் பூவா?" பத்திரிகையின் அடுத்த பக்கத்தை ஓரக்கண்ணால் படித்துக்கொண்டார். "அதே தேசத்துல கோடையில படகுத் திருவிழா நடக்குது தெரியுமா? ஆறு நிறைய படகு. படகு நிறைய மேளம். டும் டும் டுடும், டும் டும் டுடும்! பூ சாயங்காலமே வாடிடும். படகு வாடுமா?"

"நிஜமாவாங்க?"

"அவசரமா போனா நல்லா இருக்காதும்மா. கோடைக்குப் போவோம், அசந்துருவ."

"சரிங்க" என்றார் மாஸ்டரம்மா. மாஸ்டர் அன்று தன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினார்.

மறுநாள் காலை பக்கத்துக் கடை வாட்ச்காரரிடம் மார்தட்டல்.

"முடியாதுன்னு சொல்லிட்டியா மாஸ்டர்?"

"நான் யாருய்யா? போவோம்னுதான் சொன்னேன்."

"அப்ப போறீங்களா?"

"போவோம்னு சொன்னா போகணுமா? உன் கடையில மாட்டியிருக்கிற கடிகாரம் எல்லாம் அது காட்டுற நேரத்துக்கா ஓடுது?"

கோடை வந்தது. மாஸ்டரம்மா பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினார்.

"படகா? அந்த வெயிலா? உன் நிறத்துக்கு அது ஆகுமா? இலையுதிர் காலத்துல பட்டம் விடுறாங்களாம்மா! ஒவ்வொரு பட்டமும் நம்ம வீடு சைசு. சர்ர்ருனு ஏறுமாம். நூலைப் பிடிச்சவன் சில சமயம் கூடவே போயிருவானாம்!"

பெட்டி பரணுக்குத் திரும்பியது. இலையுதிர் காலத்தில் மறுபடி இறங்கியது.

"பட்டத்தை அண்ணாந்து பாத்து கழுத்து சுளுக்கிக்கும். உங்க பல் டாக்டருக்குக் கழுத்து பாக்கத் தெரியுமா? இங்க பாரு, பனிக்காலம்! பனித் திருவிழா! ஊர் முழுக்கப் பனியாலயே வீடு கட்டி, ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் ஒரு விளக்கு ஏத்தி வெக்கிறாங்க. நாம உள்ள போய் உக்காரலாம். வெளிய வந்து சறுக்கலாம். குளிரு எலும்புக்குள்ள போகும், ஆனா சொர்க்கம்!"

மாஸ்டரம்மா பெட்டியின் மேல் கையை வைத்தபடி அவரையே பார்த்தார்.

"அப்ப எல்லாத்துலயும் பனித் திருவிழாதான் உசத்திங்கிறீங்க?"

"உசத்தியா? மத்த மூணும் அதுக்கு லைனிங் துணி!"

"நல்லாத் தெரியுமா?"

"என் தையல் மிஷின் மேல சத்தியம்."

"சரிங்க" என்றார். அதற்குப் பிறகு பயணப் பேச்சையே எடுக்கவில்லை. நாட்கள் போயின. மாஸ்டர் வாட்ச்காரரிடம் மீசையை முறுக்கினார். "அலுத்துப்போச்சுய்யா அவளுக்கு. கஸ்டமர் மூணு தடவை நடந்தா நாலாம் தடவை மறந்துருவான். தொழில் ரகசியம்!"

வாட்ச்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. இருமல் என்று மாஸ்டர் நினைத்தார்.

காற்றில் சில்லிப்பு ஏறத் தொடங்கிய ஒரு வாரத்தில், மாஸ்டரம்மா கம்பளித் துணிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கடையில் இறக்கினார்.

"எங்க பல் டாக்டரம்மாவும் அவங்க ஆளுங்களும் எங்கயோ குளிர்ப் பக்கம் போறாங்களாம். எல்லாருக்கும் கோட்டு வேணும். கோட்டுன்னா எங்க வீட்டுக்காரர் கைதான்னு சொன்னேன். அதுக்கு டாக்டரம்மா, 'அவர் கை நல்ல கைதான், ஆனா சொன்ன நாளைக்கு அவரால முடியாதே'ன்னுட்டாங்க."

"யாரு? யாருக்கு முடியாது?" மாஸ்டரின் ரத்தம் கொதித்தது.

"நானும் அதையேதான் கேட்டேன். விடுங்க, வேற ஆள்கிட்ட குடுத்துக்குறேன்னு…"

"வெச்சுட்டுப் போ துணியை!"

வாயைத் திறந்து காட்டினால் போதும் என்பார்களே, அந்த நாற்காலியில் மாஸ்டர் தானாகவே போய்ச் சாய்ந்துவிட்டார்.

கடைவீதி இதற்கு முன் பார்க்காத காட்சி. மாஸ்டர் தைத்தார்! கட கட கடவென்று மிஷின் ஓடியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். "உடம்பு கிடம்பு சரியில்லையா மாஸ்டர்?" என்று விசாரித்தார்கள்.

ஒரு கோட்டு முடிந்ததும் மாஸ்டரம்மாவே போட்டுப் பார்த்தார். "டாக்டரம்மாவோட நாத்தனாருக்கு இது. அசப்புல என்னை மாதிரியே இருப்பாங்க."

"அட, உனக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே!"

"அப்படியா?" மாஸ்டரம்மா கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "கையை மட்டும் கொஞ்சம் இறக்குங்க. உள்பக்கம் ரெண்டு பாக்கெட் வைங்க. அந்த நாத்தனாருக்குப் பாக்கெட்னா உயிரு."

கிளினிக் கம்பவுண்டரின் கோட்டுக்கு வாட்ச்காரர் உடம்பு கொடுத்தார். கம்பவுண்டரும் அவரும் ஒரே சுற்றளவாம். கச்சிதமாகப் பொருந்தியது. "கழட்டவே மனசு வரல மாஸ்டர்" என்றார் அவர். "கம்பவுண்டர் குடுத்து வெச்சவன்!" என்று மாஸ்டர் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

இதற்கு நடுவேதான் அந்த விபரீதம் நடந்தது.

கம்பளியை மடியில் போட்டுத் தைக்கத் தைக்க, கதகதப்பு காலிலிருந்து ஏறி நெஞ்சுக்கு வந்தது. தான் அள்ளிவிட்ட பனி வீடுகள் கண் முன்னே எழும்பின. உள்ளே ஒரு சின்ன விளக்கு. பனிச் சுவர் முழுக்க அதன் மஞ்சள் வெளிச்சம். பக்கத்தில் மாஸ்டரம்மா, மூக்கு சிவந்து, குளிரில் வாயிலிருந்து ஆவி பறக்கச் சிரிக்கிறார். அப்படி அவர் சிரித்து மாஸ்டர் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்று மதியம் மேஜைக்கு அடியில் தூக்கம் வரவில்லை. எழுந்து போனில் பனித் திருவிழாப் படங்களைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில், சிமெண்டுத் தரையில் செருப்போடு சர்ரென்று ஒரு சறுக்கு சறுக்கிப் பார்த்தார். அலமாரியில் போய் மோதினார். மேல்தட்டுப் பொட்டலங்கள் எல்லாம் தலையில் கொட்டின. வலிக்கவே இல்லை.

பட்டன் மாஸ்டருக்கு ஆசை வந்துவிட்டது.

தலையணைப் பிரச்சினைக்கும் வழி பிறந்தது. கூடவே எடுத்துக்கொண்டு போனால் போயிற்று! மிஞ்சிய லைனிங் துணியில் தலையணைக்கு ஜிப் வைத்து, கைப்பிடி வைத்து, ஒரு பை தைத்தார். 'மூணு பருவமா ஏமாத்தினவன், நாலாவதா நிஜமாவே கூட்டிட்டுப் போனா எப்படி இருக்கும்? அப்படியே மயங்கி விழுந்துருவா!' என்று நினைக்க நினைக்க அவருக்கே தன் மேல் பெருமை தாங்கவில்லை.

சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாகவே கோட்டுகள் அத்தனையும் முடிந்தன. எல்லாவற்றிலும் பட்டன் வைத்தாகிவிட்டது! மாஸ்டரம்மா வந்து வாங்கிப் போனார். மறுநாள் காலை மாஸ்டர் கடையைத் திறந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். திறந்த கடையைச் சாத்தினார். தலையணைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை நடையில் வீட்டுக்குள் நுழைந்தார்.

"கிளம்பும்மா! பனித் திருவிழாவுக்குப் போறோம்!"

"கிளம்பிட்டேங்க" என்றார் மாஸ்டரம்மா.

மாஸ்டர் அப்போதுதான் பார்த்தார். வாசலில் பெட்டி இருந்தது. மாஸ்டரம்மா மேல் நாத்தனார் கோட்டு இருந்தது. இறக்கின கை, உள்பக்கம் இரண்டு பாக்கெட், எல்லாம் பாந்தமாக இருந்தன. தெருவில் 'பாம் பாம்' என்று ஒரு வேன். முன்னால் டாக்டரம்மா. பின்னால் கிளினிக் கூட்டம். ஜன்னல் ஓரத்தில் கம்பவுண்டர் கோட்டுக்குள் கழுத்து வரை புதைந்திருந்த முகம்…

"நீயுமாய்யா?"

"போவோம்னு சொன்னா போகணும் மாஸ்டர்!" என்றார் வாட்ச்காரர்.

மாஸ்டருக்கு வார்த்தை தந்தியடித்தது. "அ… அந்த நாத்தனார்?"

"டாக்டரம்மாவுக்கு நாத்தனாரே கிடையாதுங்க. எனக்கு உங்க மேல துளிகூடக் கோவம் இல்ல. நாலு திருவிழாவையும் அலசிப் பாத்து, எது உசத்தின்னு சொன்னதே நீங்கதானே? நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன், எல்லாரும் கிளம்பிட்டாங்க."

"நானும் வரேன்! இப்பவே வரேன்! தலையணையோட வந்திருக்கேன் பாரு!"

மாஸ்டரம்மா தலையணைப் பையைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் இளகியது. அந்த ஒரு நொடியில் மாஸ்டர் வேனுக்குள் ஒரு காலை வைத்துவிட்டார்.

"கோட்டு எங்கங்க?"

வைத்த கால் அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் கோட்டு தைத்தவரிடம், தனக்கென்று ஒரு குல்லாய் தைக்கக்கூடக் கம்பளி மிச்சமில்லை.

"குளிரு எலும்புக்குள்ள போகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒரே ஒரு மணி நேரம் குடு! அவசரமா ஒண்ணு தச்சு…"

"உங்க இடுப்புக்கு அவசரமா தச்சா நல்லா இருக்காதுங்க. நாலு பேர் பாக்குற ஆளு நீங்க" என்று மாஸ்டரம்மா அவர் காலை மெல்ல இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். வேன் உறுமியது. நகர்ந்தது. மாஸ்டர் தலையணையோடு பின்னாலேயே ஓடினார்.

"அப்ப என்னை எப்பதாம்மா கூட்டிட்டுப் போவ?"

மாஸ்டரம்மா ஜன்னலில் தலையை நீட்டினார். பல்வலிக்காரர்களிடம் பேசும் அதே தேன் குரல்.

"உங்க பயணம் ரெடிங்க! பட்டன் மட்டும்தான் பாக்கி!"