உங்கள் தங்கை ஹெரெஸில் வாய் திறந்துவிட்டாள்

மதிப்பிற்குரிய மச்சான் எவரிஸ்தோ அவர்களுக்கு,

ஹெரெஸ் ஊரிலிருந்து ஃபெர்மின் பணிவன்புடன் எழுதுவது. சோரியாவில் நீங்களும் பிலார் அக்காவும், நீங்கள் நடத்தும் கோயில் பாடகர் குழுவினர் அனைவரும், குளிரில் மூட்டு வலி அதிகமாகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுமார்தான். உங்கள் தங்கை காசில்தா மிக மிக நலம். அந்த நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிய கையோடு, "ஒரு தடவையாவது தெற்குப் பக்கம் போய்ட்டு வரலாங்க" என்று அவள் கேட்டது உங்களுக்குத் தெரியும். நல்லபடியாகச் சாப்பிட்டு, பழைய கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் கிளம்பினேன். கோர்தொபாவில் இறங்கிய முதல் மதியமே வினை ஆரம்பித்தது. தக்காளியும் ரொட்டியும் பூண்டும் அரைத்த சால்மொரேஹோ கொண்டுவந்து வைத்தார்கள். கரண்டி நட்டால் நிற்கும், அவ்வளவு கெட்டி, அதோடு பனிக்கட்டிபோல் ஜில்லென்று இருந்தது. நம் ஊர்ப் பூண்டு சூப்பில் வளர்ந்த வயிறு அல்லவா, கொஞ்சம் சுட வைத்துத் தர முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பரிமாறியவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், நான் அதைக் கடத்திக்கொண்டு போக வந்தவன் போல. "ஐயா, இதை அடுப்புல ஏத்தினா எங்கம்மா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து என்னை அடிப்பாங்க" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காசில்தா என்ன செய்தாள் தெரியுமா? தன் தட்டை வழித்து முடித்துவிட்டு, என் தட்டை அவரிடமிருந்து வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டு, "அவரை விடுங்க தம்பி, அவரு காப்பிக்கே ஸ்வெட்டர் போடுற ஆளு" என்றாள். அந்நியர்களிடம் என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் கேலி அது.

சாப்பிட்டுவிட்டு அந்தப் பழைய மசூதிக்குப் போனோம். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுக்குப் பின்னால் வளைவு, காடு மாதிரி தூண்கள், அதற்கு நடுவே தேவாலயம். வழிகாட்டிப் பெண் எல்லோர் பெயரையும் கேட்டுக்கொண்டே வந்தவள் காசில்தா என்றதும் நின்றுவிட்டாள். "அம்மா, அது தொலேதோவை ஆண்ட முஸ்லிம் ராஜாவோட மகள் பேரு ஆச்சே! சிறையில இருந்த கிறிஸ்தவங்களுக்கு ரொட்டியை மறைச்சு எடுத்துட்டுப் போவாளாம். அப்பா வந்து மடியில என்னன்னு கேட்டா, ரொட்டி ரோஜாப்பூவா மாறிடுமாம். அப்புறம்தான் அவ புனிதை ஆனா" என்றாள். ஞானஸ்நானப் பெயர்தானே என்று நாம் இத்தனை காலம் சாதாரணமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் மச்சான்! காசில்தா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். வெளியே வந்ததும் தன் பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். "ராஜா மக பை தூக்குவாளா?" அன்றிலிருந்து இரண்டு பையும் என் தோளில்தான்.

காதிஸில் கடற்கரையை ஒட்டிய கடையில் எதையோ மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே கடல் முழுவதும் ஒரு வாயில் வந்துவிட்டது போன்ற ருசி. நான் மளமளவென்று தின்றேன், ஒப்புக்கொள்கிறேன். என்ன மீன் இது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "மீனா? பாறையில ஒட்டிக்கிட்டு ஆடிக்கிட்டு இருக்குமே, தொட்டா கை அரிக்குமே, அந்தக் கடல் சாமந்தி" என்றார். பூவா பூச்சியா என்றே உலகத்துக்குத் தெரியாத ஒன்று என் வயிற்றுக்குள்! நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நாக்கு வீங்குகிறதா என்று காசில்தாவிடம் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. இன்னொரு தட்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் பரவாயில்லை. இனிமேல்தான் விஷயம்.

ஹெரெஸில் அங்குஸ்தியாஸ் என்ற அம்மாள் நடத்தும் ஒயின் கடைக்கு மதியம் போனோம். சுவர் முழுக்கப் பீப்பாய்கள். ஆளுக்கொரு கிளாஸ் ஷெரி, ஒரு தட்டு பாலாடைக்கட்டி. மூலையில் பாஸ்தியான் என்ற மீன் வியாபாரி பாடிக்கொண்டிருந்தார். ஒருவன் கிதார் வாசித்தான். மற்றவர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். பாட்டு ஓர் இடத்தில் மேலே ஏறி, உடையப் போகிறதா இல்லையா என்று நின்றது. அப்போது காசில்தா, இந்த ஊர்க்காரர்கள் சபாஷ் சொல்வதுபோல, "ஒலே!" என்றாள். கத்தவில்லை. மூச்சுபோல வந்தது. ஆனால் கடையே திரும்பிப் பார்த்தது. பாஸ்தியான் பாட்டை நிறுத்தி, "அந்த அம்மாவுக்குப் பாட வரும்" என்றார். நான் எழுந்து, "இல்லைங்க, கோயில்ல மட்டுந்தான், அதுவும் மெல்லிசா" என்று விளக்க ஆரம்பித்தேன். காசில்தா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், உட்காருய்யா."

மச்சான், என் மனைவி என்னை யோவ் என்று கூப்பிட்டாள். நான் உட்கார்ந்தேன்.

அவள் பாடினாள். களத்தில் கதிரடிக்கும்போது உங்கள் அம்மா பாடுவார்களே, அந்தப் பாட்டு. குரல் கரகரவென்று கிழிந்துகொண்டு வந்தது, காய்ந்த மரத்தைப் பிளப்பதுபோல. கிதார்க்காரன் முதலில் திணறினான், பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டான். என் கிளாஸிலிருந்த ஷெரி முழுவதும் என் கால்சட்டையில் கொட்டியிருந்தது, எனக்குத் தெரியவில்லை. அவள் முடித்தபோது அங்குஸ்தியாஸ் இடுப்பில் கட்டியிருந்த துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்தியான் எழுந்து வந்தார். "பாட்டு எங்களுது இல்லம்மா. ஆனா குரல் எங்களுது. இதை எங்க வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா?"

நானும் அதையேதான் கேட்டேன். "கோயில்ல பாடுறப்ப இந்தக் குரல் எங்க போச்சு காசில்தா?"

"நான் எப்பங்க கோயில்ல பாடினேன்? வாயைத்தானே அசைச்சேன்."

சின்னப் பெண்ணாக இருந்தபோது, பாடகர் குழு ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து, "உனக்குக் கழுதைக் குரல், நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்று சொன்னது நீங்கள்தானாம் மச்சான். அண்ணன் சொன்னதைத் தட்டக் கூடாதென்று அன்றிலிருந்து சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், உங்கள் மகன் கல்யாணம், எல்லாவற்றிலும். நான் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், "கேட்டீங்களா, அந்த மெல்லிய குரல், அது என் சம்சாரம்" என்று பெருமை பேசியிருக்கிறேன். அப்படியானால் நான் இவ்வளவு காலமும் ரசித்தது யாருடைய மனைவியின் குரல்? இதையும் தயவுசெய்து விசாரித்து எழுதவும்.

மறுநாள் காலை நான் பெட்டியில் துணி அடுக்கினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க போய்ட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாடுறேன்னு அங்குஸ்தியாஸ்கிட்ட சொல்லிட்டேன். அங்க வந்து இன்னொரு ஈஸ்டருக்கு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூட என்னால ஆகாது." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். பாதிப் பழத்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள். நான் சதுக்கத்துக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். ஊரில் எங்கள் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. உப்பை விடுங்கள். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் அவள் இல்லாத வீட்டில் என்ன பேசுவேன், யாரிடம் பேசுவேன்?

ஆகவே மச்சான், இது உங்களால் வந்தது, நீங்கள்தான் தீர்க்க வேண்டும். கிடைக்கிற முதல் ரயிலில் ஏறி வாருங்கள். அங்குஸ்தியாஸ் கடையில், அத்தனை பேர் முன்னாலும், "தங்கச்சி, நான் சொன்னது தப்பு" என்று சொல்லி அவளை ஊருக்குக் கூட்டி வாருங்கள். சொல்லும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது.

பிலார் அக்காவுக்கு என் வணக்கங்கள். பேரக்குழந்தைகளுக்கு முத்தங்கள். பாதிரியாருக்கு என் மரியாதை. மாதா உங்கள் வீட்டையும் உங்கள் மூட்டுகளையும் காக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
ஃபெர்மின்

பின்குறிப்பு: வர வேண்டாம். காசில்தா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். "அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்டா நான் அழுதுடுவேன். அழுதா அவரு பின்னாலயே கிளம்பிடுவேன். வர வேண்டாம்னு எழுதுங்க" என்றாள். நான் உடனே ஒத்துக்கொண்டேன் என்பது எனக்கே அதிர்ச்சிதான். நாளை பாஸ்தியானின் வண்டியில் சான்லூகாருக்கு இறால் சாப்பிடப் போகிறோம், அதற்குப் பிறகு எங்கே என்று கேட்கவில்லை. எங்கள் இருவரின் திரும்பும் பஸ் டிக்கெட்டையும் அவள் அங்குஸ்தியாஸின் ஒன்றுவிட்ட அண்ணன் குர்ரோவுக்கும் அவர் சம்சாரத்துக்கும் உங்கள் விலாசத்தோடு கொடுத்துவிட்டாள். பாவம், அவர்கள் பனி பெய்து பார்த்ததே இல்லையாம். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாலும் தட்டுவார்கள். இருவரும் நன்றாகச் சாப்பிடுவார்கள். மனிதர் விடிந்ததும் பாடுவாராம். அவரிடம் கம்பளிக் கோட்டு கிடையாது, எங்கள் வீட்டில் தொங்கும் என்னுடையதைக் கொடுத்துவிடுங்கள். எனக்கு அது திரும்பத் தேவைப்படுமா என்று காசில்தாவிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.