கொட்டாவிப் பரீட்சை

கவிப்பிரியா கொட்டாவி விட்டாள். கூடத்தின் நடுவில் படுத்திருந்த நாயும் உடனே வாயைப் பிளந்து, நாக்கைச் சுருட்டி, ஒரு நீளமான கொட்டாவி விட்டது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதவராஜுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"பாத்தியா! மறுபடியும் உனக்குத்தான் வுடுது!"

"எதுங்க?"

"கொட்டாவி!"

வினையை விலை கொடுத்து வாங்கியவன் அவனேதான். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டை ஒட்டிக் காய்கறிக் கடை வைத்திருக்கும் மாதவராஜுக்கு விஞ்ஞானச் செய்தி என்றால் உயிர். கத்தரிக்காய் நிறுக்கும்போதே ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று ஆரம்பித்து, வாங்க வந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு ஓட வைப்பான். காலையில் டீயும் கையுமாகச் செல்போனைப் பார்த்து மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுவான். அப்படித்தான் அந்தச் செய்தியையும் படித்தான். கொட்டாவி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமாம். யார்மேல் பாசம் அதிகமோ அவர்களிடமிருந்து சீக்கிரம் தொற்றுமாம். நாய்க்குக்கூட, ஊரான் விட்டால் வராத கொட்டாவி வளர்த்தவர் விட்டால் வருமாம்.

"மனுசனுக்கும் அப்பிடித்தானுங்களா?" என்று கேட்டாள் கவிப்பிரியா.

"மனுசனுக்குந்தான். அது கெடக்குது, நம்ம நாயி யாருக்கு வுடுதுன்னு பாப்பம்."

அன்றைக்குப் பிடித்தது சனி.

மழையில் நனைந்து சாக்கடை ஓரம் கிடந்த குட்டியைத் துண்டில் சுருட்டித் தூக்கிவந்தவன் மாதவராஜ். நியூட்ரான் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். கவிப்பிரியா அதைக் 'குட்டி' என்று கூப்பிட்டாள். நியூட்ரான் என்று அவன் தொண்டை வற்றக் கத்தினாலும் நாய் காதைக்கூட ஆட்டாது. அடுப்படியில் இருந்து அவள் 'குட்டி' என்று முணுமுணுத்தால் போதும், வழியில் இருக்கும் செருப்பு, வாளி எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு ஓடும். ஒரு நாய்க்காகக் கட்டிய பெண்டாட்டி மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், வயிறு கேட்கவில்லையே.

முதலில் நாய்க்கு எதிரே குந்தி, முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டுப் பார்த்தான். நாய் அவன் வாய்க்குள் ஏதோ தின்பண்டம் இருப்பதாக நினைத்து எட்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்றதும் எழுந்துபோய்க் கவிப்பிரியாவின் காலடியில் படுத்துக்கொண்டது.

பொய்க் கொட்டாவி செல்லாது போலிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. நிஜக் கொட்டாவி வேண்டுமென்றால் தூக்கத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தான். கொட்டாவி வந்தது. ஆனால் வீட்டில் நாய்க்கு எதிரே உட்கார்ந்தால் மட்டும் பொறாமையில் தூக்கம் பறந்துவிடும். கடைக்குச் சரக்கு எடுக்கும் காய்கறி மண்டியில் போய் நின்றால் வரிசையாக வரும்.

அப்படி ஒரு காலை, மண்டியில் தக்காளி ஏலம். ஏலம் விடும் சென்னப்பன், தக்காளி நிரப்பும் பிளாஸ்டிக் பெட்டியான கிரேடு மேல் ஏறி நின்று கூவிக்கொண்டிருந்தார். ஒரு கிரேடு வாங்கிப் போகலாம் என்று வந்த மாதவராஜுக்கு அந்த நேரம் பார்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு கொட்டாவி கிளம்பியது. வாயைத் திறந்து, இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிச் சோம்பல் முறித்தான்.

"அட்ரா சக்கை! மாதவராஜு ரெண்டு கையும் தூக்கிட்டாப்ல! ரெண்டு லாட்டும், இருக்கற கிரேடு மொத்தமும் அவருக்குத்தான்!" என்றார் சென்னப்பன்.

"அண்ணா, அது கொட்டாவிங்கண்ணா!"

"கொட்டாவி வுட்டா ஒரு கை வாய்க்குப் போவணும்பா. ரெண்டும் மேலதான இருந்துச்சு? வண்டியக் கூப்புடு!"

மண்டியில் தூக்கிய கையை இறக்கினால் மறுநாள் ஒருவனும் மதிக்க மாட்டான். கடையில் கொள்ளாத தக்காளி வீட்டுக்கு வந்தது. கூடம், படுக்கை அறை, குளியலறை வாசல் எங்கும் கிரேடு. தக்காளிச் சோறு, தக்காளித் தொக்கு, தக்காளி ரசம் என்று வீடே சிவந்தது. அந்தத் தக்காளிச் சோற்றையும் கவிப்பிரியா கையால் உருட்டிப் போட்டால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. அவன் போட்ட எலும்பை முகர்ந்து பார்த்துவிட்டு மண்ணில் புதைத்தது.

கிரேடுகளுக்கு நடுவே நாய். ஒரு பக்கம் மாதவராஜ், எதிர்ப்பக்கம் கவிப்பிரியா. அவள் கொட்டாவி விடுவாள். நாயும் விடும். அவன் நாயை முறைத்துக்கொண்டே இருப்பான்.

ஒரு நாள் கிண்ணத்தை நீட்டித் தக்காளி கேட்டு வந்த பக்கத்து வீட்டு சகாயமேரி, அவன் நாயின் முன்னால் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, பல்லு வலிங்களா?"

"இல்ல மேரி. ஆராய்ச்சி."

அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். அங்கே ரொம்ப நேரம் குசுகுசு பேச்சு. அதன் பலன் அடுத்த நாளே தெரிந்தது. தீர்த்தமலையிலிருந்து மாமியார் தீர்த்தம்மாள் வரமிளகாயும் கல்லுப்பும் மடியில் முடிந்துகொண்டு வந்து இறங்கினாள்.

"ஓயாமக் கொட்டாவி வருதாமே மாப்ளைக்கு? கண்ணுதான் பட்டிருக்குது. ஊட்டுல இத்தினி தக்காளிய அடுக்கி வெச்சா ஊரு கண்ணு சும்மா இருக்குமா? கெழக்கப் பாத்து குந்துங்க."

"அத்த, இது விஞ்ஞானம்..."

"அதுக்கும் சேத்தே சுத்திப் போடறன். குந்துங்க மாப்ள."

குந்தினான். தீர்த்தம்மாள் கையை அவன் தலையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டாவது சுற்றிலேயே அவளுக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. கண்ணில் நீரே கோத்துக்கொண்டது.

"பாருங்க! சுத்தறவளுக்கே கொட்டாவி வருதுன்னா எத்தினி கண்ணு பட்டிருக்கும்!"

ஆனால் மாதவராஜ் அதைக் கேட்கவில்லை. அவன் கண் நாயின் மேல் இருந்தது. நாய் தீர்த்தம்மாளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு மெல்ல, சாவகாசமாக, கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி விட்டது.

அவ்வளவுதான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய மாமியாருக்குக் கொட்டாவி, தூக்கி வளர்த்தவனுக்கு ஒன்றும் இல்லை. மாதவராஜ் துள்ளி எழுந்தான். உப்பும் மிளகாயும் தரையெல்லாம் சிதறின.

"இந்த நன்றி கெட்ட நாயி இனிமே இந்த ஊட்டுல இருக்கக் கூடாது! நல்லம்பள்ளியில எங்க பெரியப்பா மவன் தோட்டத்துல கொண்டுபோயி வுட்டுட்டு வரன்!"

சங்கிலியை எடுத்து நாயின் கழுத்தில் மாட்டினான். கண்தான் கலங்கித் தொலைத்தது. நாய் வெளியே உலாவப் போகிறோம் என்று நினைத்து வாலை ஆட்டியது.

கவிப்பிரியா வாசலை மறித்து நின்றாள்.

"குட்டி போனா நானும் எங்கம்மாகூட தீர்த்தமலைக்குப் போறங்க."

"போ! உனக்கும் அதுதான் பெருசு, அதுக்கும் நீதான் பெருசு! நடுவுல நான் எதுக்கு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தீர்த்தம்மாள் கையில் மிச்சமிருந்த மிளகாயோடு திகைத்து நின்றாள்.

தக்காளிக்காக மறுபடியும் கிண்ணத்தோடு வாசற்படி ஏறிய சகாயமேரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அட என்னாங்கண்ணா நீங்க, பிரியா நாய்க்கா கொட்டாவி வுட்டுச்சு? உங்களுக்கு எப்பத்தான் தொத்தும்னு உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து வுட்டுக்கிட்டுக் கெடக்குதுங்க அந்தப் புள்ள, நடுவால படுத்திருக்கற நாய்க்குத்தான் தொத்துது!"