இரண்டு நாட்டுக் கோபம்

கோபப்படுவதையே முழுநேர உத்தியோகமாகச் செய்த மனிதர் கடலூரில் ஒருவர்தான் இருந்தார். பஸ் ரிப்பேர் பார்த்தது அவருக்கு உபதொழில். அறுபதுகளில், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்கு வண்டி விட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ் கம்பெனியில் நான் குமாஸ்தா. அவர் ஷெட்டில் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் மார்க்கு பாய்.

பரங்கிப்பேட்டைக்காரர். சின்ன வயதில் கப்பலில் இஞ்சின் வேலைக்கு ஏறி, பிரான்சில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் சில வருஷம் இருந்தார். பிறகு ஜெர்மனியில் அதே மாதிரி ஒரு பட்டறையில் சில வருஷம். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் கோபம் வரும். ஜெர்மனிக் காசுக்கு மார்க்கு என்று பெயராம். "அங்க வாராவாரம் நான் எவ்ளோ மார்க்கு வாங்குனேன் தெரியுமா?" என்று வந்த முதல் நாளே அவர் ஆரம்பிக்க, டிரைவர் கண்ணுசாமி அண்ணன் வெள்ளந்தியாக, "பாஸா, பெயிலா பாய்?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு விழுந்த பெயர்தான்.

சம்பளம் தள்ளிப்போனால் பாய் ஜெர்மனிக்காரர். "வெள்ளிக்கிழமை ஆனா கூலியக் கையில வெச்சிடுவான்யா! சனிக்கிழமை பட்டறையத் தொறக்கவே மாட்டான். இங்க சனி, ஞாயிறு, தீவாளி, பெருநாள் அத்தனைக்கும் ஸ்பானரும் கையுமா நிக்கறேன், கோயில் தூண்ல செதுக்குன பொம்ம மாதிரி!"

மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்ததும் அவர் பிரான்சுக்காரர் ஆகிவிடுவார். அந்த நேரத்தில் எவனாவது "பாய், கிளட்ச்சு வழுக்குது" என்று வந்து நின்றால் தொலைந்தான். "பிரான்சுல கூலி கம்மிதான், வேல நேரம்கூட ஜாஸ்திதான். ஆனா சோத்துக்கு ஒக்காந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஈ கிட்ட வராது. சோறு துன்றவன எழுப்புனா, எழுப்புனவன ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு போவணும்!" கையில் மீன் முள்ளை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு அவர் எழுந்தால், கிளட்ச் தானாகவே சரியாகிவிடும் என்று டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள்.

ஒருநாள் கண்ணுசாமி அண்ணன் கேட்டேவிட்டார். "கடைசியா சொல்லு பாய், எந்த நாடு ஒசத்தி?"

"ரெண்டுமே திருட்டுப் பயலுவ நாடுதான். ஜெர்மனிக்காரன் காசக் குடுத்து உசுர வாங்குவான். பிரான்சுக்காரன் நம்ம உசுர வுட்டு வெப்பான், காசத்தான் குடுக்க மாட்டான்."

"அப்ப நம்ம மொதலாளி?"

"ரெண்டு ஊர்லயும் கெட்டத மட்டும் பொறுக்கி எடுத்து, இங்க கொண்டாந்து கம்பெனி வெச்சிருக்கான்."

இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை. முதலாளி மாடியில் இருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கல்யாண வண்டி படுத்துக்கொண்டபோது பாய் என்னையும் ஏற்றிக்கொண்டு ரிப்பேருக்குப் போனார். முகூர்த்தம் தவறிவிடும் என்று மாப்பிள்ளையின் அப்பா குதித்துக்கொண்டிருந்தார். பாய் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, வெளியே தெரிந்த கால்களை ஆட்டி ஆட்டிப் பிரசங்கத்தைத் தொடங்கினார். தேய்ந்த பாகத்தை மாற்றாத முதலாளியில் ஆரம்பித்தது, ஜெர்மனிக் கூலி, பிரான்சின் கோடை லீவு என்று போனது. சம்பளத்தோடு வாரக்கணக்கில் லீவு என்றதும் மாப்பிள்ளை வீட்டார் பிரான்சு பக்கம் சாய்ந்தார்கள். கூலி ஜாஸ்தி என்பதால் பெண் வீட்டிலிருந்து அழைக்க வந்தவர்கள் ஜெர்மனி. சீர்வரிசைச் சண்டையெல்லாம் மறந்து இரண்டு கட்சியும் இதற்கு அடித்துக்கொண்டது. மாப்பிள்ளை மட்டும் குனிந்து, "மாமா, அங்க பொண்ணு குடுப்பாங்களா?" என்று கேட்டார். "மொதல்ல இந்தப் பொண்ணக் கட்டுய்யா!" என்று கத்திக்கொண்டே பாய் வெளியே வர, இஞ்சின் கிளம்பிவிட்டது.

சிரிப்பெல்லாம் அதுவரைக்கும்தான். அந்த வருஷம் முதலாளி இன்னொரு டிரிப் சேர்த்தார். டிரைவரைச் சேர்க்கவில்லை. கண்ணுசாமி அண்ணன் இருட்டோடு வண்டி எடுத்து, ஊர் அடங்கிய பிறகு இறங்குவார். பாய் தினமும் மாடியைப் பார்த்துக் கத்தினார். ஜன்னலைச் சாத்தியதுதான் கிடைத்த பதில்.

ஒரு நாள் மத்தியானம் ஆலப்பாக்கம் தாண்டி வண்டி வயலில் இறங்கிவிட்டது. ஜனங்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. கண்ணுசாமி அண்ணனுக்குக் கால் முறிந்தது.

மறுநாள் முதலாளி பாயைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன். "கண்ணுசாமி குடிச்சிருந்தான்னு எழுதிக் குடு. நீ பாத்ததா சொல்லு. கம்பெனி பேர் கெடக் கூடாது" என்றார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. குடித்தான் என்றால் வேலை மட்டுமா போகும்? ஜெயில். கால் ஒடிந்து கிடப்பவனை ஜெயிலுக்கு அனுப்ப, காபியை உறிஞ்சிக்கொண்டே வழி சொன்னார் அந்த மனிதர்.

கூரை பறக்கப் போகிறது என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பாய் கத்தவில்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவன் குடிக்கல மொதலாளி. தூங்கிட்டான். வூட்டுல தூங்க நீங்க வுடல. ரோட்டுல தூங்கிட்டான்."

"உன் ஜெர்மனிக் கதய இங்க அளக்காத."

"ஜெர்மனியும் வேணாம், பிரான்சும் வேணாம். சிதம்பரம் போற வண்டியப் பத்திப் பேசறேன். நாளைக்கு ஒரு வண்டிக்கும் நான் பிரேக் பாத்து வுட மாட்டேன்."

பாய் தொட்டுப் பார்க்காத வண்டியில் எந்த டிரைவரும் ஏற மாட்டான். மறுநாள் காலையில் ஷெட்டை விட்டு ஒரு வண்டி வெளியே வரவில்லை. பஸ் கிடைக்காத மீன்கூடைக்காரம்மாக்கள் முதலாளி வீட்டு வாசலில் கூடையை இறக்கிவிட்டு, அவருடைய ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி விசாரித்தார்கள். உச்சி வெயில் ஏறுவதற்குள் அவர் இறங்கி வந்தார். குடித்த கதை கைவிடப்பட்டது. கால் கூடியதும் கண்ணுசாமி அண்ணனுக்கு வேலை உண்டு. புது டிரிப்புக்கு வேறு டிரைவர்.

எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டிய முதலாளி, சூடு ஆறியதும், "ஷெட்டுல ஆள் ஜாஸ்தி" என்று பாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுபடியும் வண்டிகளை நிறுத்தலாம் என்று நாங்கள் கொதித்தோம். பாய்தான் தடுத்தார். "போங்கடா அறிவு கெட்டவனுங்களா! எனக்காக நிறுத்துனா, கண்ணுசாமிக்குக் குடுத்ததையும் புடுங்கிப்பான். வண்டிய எடுங்க!" அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைக்காத டிரைவர் இல்லை.

பாய் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை போட்டார். கடைப் பையன்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிரான்சுப்படி, வாரக் கூலி ஜெர்மன்படி. ஆனால் அவர் மட்டும் லீவே எடுக்காமல் கிடந்தார். "ஏன் பாய், கடை மொதலாளிக்கு எந்த நாட்டுச் சட்டம்?" என்று கேட்டேன். "மொதலாளியா? எவன்டா மொதலாளி?" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு துரத்தினார்.

கால் கொஞ்சம் சாய்ந்தபடியே கண்ணுசாமி அண்ணன் திரும்ப வண்டி ஓட்ட வந்தார். சிதம்பரம் போனதும் வண்டியைக் கடை எதிரில் நிறுத்தி, வேண்டுமென்றே ஹாரனை அலறவிடுவார். பாய் எண்ணெய்க் கையோடு ஓடி வந்து முதலாளியை, ரோட்டை, ஹாரனை, டிக்கெட் கிழித்த கண்டக்டரை எல்லாம் வரிசையாகத் திட்டுவார். திட்டிக்கொண்டே குனிந்து பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

எனக்குச் சிதம்பரத்தில் சொந்தமும் இல்லை, சோலியும் இல்லை. லீவு நாளில் அந்தத் திட்டுக்காகவே டிக்கெட் எடுத்துப் போய் வந்தேன்.