கேக்குதா மாமா

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பேசுவதற்காக யாரையும் கணினியில் அழைக்க மாட்டார்கள். கேட்கிறதா என்று பார்ப்பதற்காகவே அழைப்பார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் தெருக்காரருக்குப் பெயரே 'கேக்குதா மாமா'.

மாமாவின் கணினியில் ஓடுவது லினக்ஸ். "யாருக்கும் அடிமையில்லாத மென்பொருள்" என்று மார்தட்டுவார். வாஸ்தவம்தான், அவருக்கும் அது அடங்காது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நன்றாக இருந்ததை மாமா சனிக்கிழமை புதுப்பித்தார். அதிலிருந்து மைக் வேலை செய்தால் ஹெட்போன் படுத்துவிடும், ஹெட்போன் பிழைத்தால் மைக் போய்விடும், இரண்டும் எழுந்து உட்கார்ந்தால் சத்தம் முழுக்க ஸ்பீக்கரே இல்லாத திரைக்குப் போய்ச் சேரும். யாரிடம் முறையிடுவது?

ஞாயிறு காலை மகள் கணினியில் அழைத்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷமாக வெளியூரில் இருப்பவள். "ஒரு விஷயம் இருக்கு, வீடியோவுல முகம் பார்த்துதான் சொல்லுவேன்" என்று முதல் நாளே செய்தி அனுப்பியிருந்தாள். என்னவாக இருக்கும் என்று மாமா அதை நாலு தரம் படித்துப் பார்த்தார். அந்த வார்த்தை ஓர் எழுத்தும் தேயாமல் காதில் விழ வேண்டும். பாவம், அவ்வளவுதான் அவர் ஆசை.

"அப்பா, நான்..."

"இரும்மா, விஷயத்தைச் சொல்லிடாதே! கரகரங்குது. ஒண்ணு, ரெண்டு எண்ணு."

எண்ணினாள். மாமா திரையில் திறந்து வைத்திருந்த ஒலி அமைப்புப் பலகை மகளின் முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டிருந்தது.

"போன்ல பேசித் தொலைச்சா என்ன?" என்றாள் அத்தை, கையில் கரண்டியோடு.

"போன்ல பேசுறதெல்லாம் ஒரு பேச்சா?" என்று மாமா கணினியை அணைத்துப் போட்டார்.

அந்த இடைவெளியில் சமையலறையில் போன் அடித்தது. அத்தை "அடி என் கண்ணே!" என்று கத்திய கத்தலில் மாமா எரிச்சலானார். "கொஞ்சம் சும்மா இரு! மைக்ல எடுக்கும்."

மறுபடி இணைப்பு வந்தது.

"அப்பா..."

"எண்ணு, எண்ணு!"

முப்பத்தெட்டில் குரல் தெளிந்தது. "பிரமாதம்! இனிமே எதையும் தொடக்கூடாது" என்று அழைப்பை வெட்டிவிட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

"பொண்ணு என்ன சொன்னா?" என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"முப்பத்தெட்டு வரைக்கும் சொன்னா. ஒவ்வொண்ணும் மணி மணியா!"

"நீங்க தாத்தா ஆகப்போறீங்க. அதைத்தாங்க சொல்ல வந்தா."

மாமா திரும்பி ஓடினார். மகளை அழைத்தார். பலகையை மூடினார். மகளின் முகம் தெரிந்தது. மைக் பழுதில்லை, ஹெட்போன் பழுதில்லை. மாமாவுக்குத்தான் ஒரு சத்தமும் வரவில்லை.

"அப்பா," என்றாள் மகள், "கேக்குதா?"

சிரிக்காதீர்கள். கடைசியாக வந்த அழைப்பில் உங்கள் வாயிலிருந்து முதலில் வந்தது "நல்லா இருக்கியா"வா, "கேக்குதா"வா? எனக்குச் சொல்ல வேண்டாம். அழைத்தவரைக் கேளுங்கள்.